நாற்பது நிமிடம் நின்றால்தான் தோல்வி

என் சகலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் பொது விதிகள் வாரியத்தின் வாசலில் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்தும் பித்தளையில்.

வாரியம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கட்டுகிறவர்கள், வரைகிறவர்கள், இயந்திரம் செய்கிறவர்கள், ஆள்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற விதிகளைத் தேடிப் பிடித்து, எண் போட்டு, கண்டுபிடித்தவர் பெயரில் பதிவு செய்வது அதன் வேலை. ஏழு மாடிக் கட்டடம். உள்ளே எங்கே திரும்பினாலும் விதி. வாசல் கதவை வருகிறவர்கள் எல்லோரும் இழுப்பார்கள். அது தள்ளுகிற கதவு. 'பயன்படுத்துகிறவர் மேல் ஒருபோதும் தவறு இல்லை' என்பது பன்னிரண்டாம் விதி. ஆகவே கதவை மாற்றுவது பற்றி யோசித்து, கடைசியில் பயன்படுத்துகிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். கழிப்பறைக் குழாய்க்கு மேலே, 'நல்ல கருவிக்கு விளக்கம் தேவையில்லை' என்ற அறுபத்தொன்றாம் விதி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே குழாயைத் திறப்பது எப்படி என்று ஒன்பது குறிப்புகள். ஆறாவது குறிப்பைப் படிப்பதற்குள் கையில் போட்ட சோப்பு காய்ந்துவிடும்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் நான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாள், ஒரு நிமிடம், அந்த லிஃப்ட் வழியில் நின்றதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிரும். ஆனால் கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

சகலை என் மனைவியின் அக்கா புருஷன். நகராட்சியில் வடிவமைப்புப் பொறியாளர். அவர் வரைந்த முதல் நடைமேம்பாலம் சாலையின் இந்தப் பக்கம் அழகாக ஏறி, அந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் சுவரில் போய் முட்டியது. வேறு யாராயிருந்தாலும் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள். இவர் வாரியத்துக்குப் போனார். 'பாலத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. இரண்டையும் அளக்க வேண்டும்' என்பது அவர் பெயரில் எண்பத்து நான்காம் விதியாகப் பதிவானது. அடுத்து ஒரு பேருந்து நிழற்குடை. அதன் நிழல் காலையில் எதிர்ச்சாரித் தபால் பெட்டியின் மேலும், மாலையில் பின்னாலிருந்த சாக்கடையின் மேலும் விழுந்தது. 'நிழல் நகரும்' என்று இன்னொரு விதி. மற்ற மூன்றையும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்றில் படகு வருகிறது.

பாலத்தின் அந்தப் பக்கத்தை அளக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். தெரிந்ததால் நான் அளந்திருப்பேன். அளந்திருந்தால் பாலம் சரியாக இறங்கியிருக்கும். இறங்கியிருந்தால் விதி கிடைத்திருக்காது. இதை நினைத்து நினைத்து எனக்கு வயிற்றில் புண் வந்ததுதான் மிச்சம்.

மாமனார் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அந்த ஐந்து விதிகளும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. போகும்போதெல்லாம் மாமனார் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"லிஃப்ட் ஓடுதா மாப்பிள்ள?"

"ஓடுது மாமா."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? சகலை வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு, பாலம் எப்படி முட்டியது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பதினொரு தடவை கேட்டிருக்கிறேன்.

இதையும் சகித்துக்கொண்டிருப்பேன். போன வருடம் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு 'எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய மனிதர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். முழுக்கப் பெரியப்பா. கடைசி வரியில் நானும் வந்திருந்தேன்: 'என் அப்பா அதே கட்டடத்தில் வேலை செய்கிறார்.' ஆசிரியை அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், 'தேவையில்லை' என்று குறித்திருந்தார்.

மறுநாள் காலை நான் வாரியத்தின் இரண்டாவது மாடிக்குப் போனேன். அங்கே விண்ணப்பப் பிரிவு அலுவலர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் படிவத்தார் என்பார்கள். அவரிடம் என் விதியைக் கொடுத்தேன். 'வாரம் ஒரு முறை தொட்டுப் பார்க்கப்படாத இயந்திரம் நிற்கும்.' இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் மெஷின் ரூமுக்குப் போய் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பவன். சூடா, ஆட்டமா, தேய்மானமா என்று கையே சொல்லிவிடும்.

படிவத்தார் படிவத்தைப் புரட்டினார். "ஏழாவது கட்டம் காலியா இருக்கே. நின்ற தேதி?"

"நிக்கலை சார்."

"நிக்கலையா?"

"நிக்கவே இல்லை. அதான் விதி."

"அப்போ உங்க விதிக்கு ஆதாரம்?"

"நீங்க இன்னைக்கு எப்படி மாடிக்கு வந்தீங்க?"

"லிஃப்ட்ல."

"அதான் ஆதாரம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நான் வந்தது எனக்கு நடந்த சம்பவம். உங்க லிஃப்டுக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கலை. ஒண்ணும் நடக்காததுக்கு நான் எப்படி எண் போடுறது?"

இருந்தாலும் என் வேலைக்காலத்தை மதித்து விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். ஏழாவது மாடியில் நீளமான மேஜை. நடுவில் தலைவர், ஒரு பக்கம் படிவத்தார், மறுபக்கம் கௌரவ உறுப்பினர் என்ற பலகைக்குப் பின்னால் யார்? என் சகலைதான். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முகம் வரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓடுற மெஷினைப் பாத்து நாம என்ன கத்துக்க முடியும்? ஓடுதுன்னு மட்டும்தான் கத்துக்கலாம். அதுல என்ன இருக்கு? நிக்கிற மெஷின் இருக்கு பாருங்க, அது ஒரு பல்கலைக்கழகம். இந்த வாரியம் ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் நாங்க எடுத்த ஒரு முடிவுகூட சரியா வந்ததில்ல. அதனாலதான் எங்ககிட்ட இருநூத்துப் பன்னிரண்டு விதி இருக்கு. வேற எந்த வாரியமாவது இப்படித் தைரியமா சொல்லுமா? நீங்க கோவிச்சுக்கக் கூடாது, உங்களை மாதிரி ஆளுங்க ஒவ்வொரு கட்டடத்துலயும் ஒருத்தர் இருந்தா எங்க நிலைமை என்னாகும்? கதவை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

படிவத்தார் கை தட்டினார். சகலை தட்டவில்லை. "என் சகலைங்கறதுக்காகச் சொல்லல," என்று ஆரம்பித்தார். "அந்த லிஃப்ட் இத்தனை வருஷம் நிக்காம ஓடுறது சின்ன விஷயம் இல்ல. அதையே ஒரு விதியா எடுத்துக்கலாமே."

அவர் எனக்காகச் சிபாரிசு செய்தது எனக்கு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியதுபோல இருந்தது. ஐந்து வைத்திருக்கிறவர் ஒன்றும் இல்லாதவனுக்குப் பரிதாபப்பட்டுப் பேசுகிறார். சிபாரிசு எடுபடவில்லை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் படிவத்தார் என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப்போனார். "ஒரு தடவை நின்னா போதும்ங்க. சும்மா, மரியாதைக்கு."

அந்தத் திங்கட்கிழமை நான் மெஷின் ரூமுக்குப் போகவில்லை. என் விதியை நானே மீறினேன். தொடவில்லை என்றால் நிற்கும். நின்றால் தேதி கிடைக்கும். தேதி கிடைத்தால் ஏழாவது கட்டம் நிரம்பும். கீழே என் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஒரு வாரம் ஓடியது. இரண்டு, மூன்று வாரம் ஓடியது. மாடிக்கு மாடி பூனைபோலச் சத்தமில்லாமல் போய்வந்தது. ஆறாவது வாரம் எனக்கு அந்த லிஃப்டின் மேலேயே ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு வருடம் நான் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுதான் பதிலா? இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. தொடாமலே இது இப்படி ஓடுகிறது என்றால் என் விதி பொய். பொய் விதிக்காகவா நான் இந்தப் பாடு படுகிறேன்?

யோசித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். மகளின் நோட்டில் இருந்த சிவப்பு மைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஏழாவது வாரம் மெஷின் ரூமுக்குப் போகாமல், நேராகக் கதவுக்குப் போனேன். லிஃப்டின் கதவு மூடியிருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்வது செம்பாலான ஒரு சின்னத் துண்டு. நல்ல துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என்றோ தேய்ந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த பழைய துண்டை மாட்டினேன். லேசாக ஆடினாலே கதவு திறந்துவிட்டது என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிடும். ஆபத்து ஒன்றும் இல்லை. அவமானம் மட்டும்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. ஓடிப்போய் நான்காவது மாடியின் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். லிஃப்டின் மேல்பகுதி மட்டும் தரைமட்டத்துக்கு மேலே தெரிந்தது. உள்கதவை நான்கு விரற்கடை நகர்த்தி, குனிந்து பார்த்தேன். தலைவர், படிவத்தார், சகலை. மூன்று தலைகளும் என் கால் மட்டத்தில் அண்ணாந்து பார்த்தன.

"பயப்படாதீங்க சார், மெஷின் ரூம்ல போய் ரெண்டு சுத்து சுத்தினா மாடி மட்டத்துக்கு வந்துரும். ரெண்டு நிமிஷம்," என்றேன்.

"மணி என்ன?" என்றார் தலைவர்.

"பத்து பதினேழு."

"அப்போ அஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கு. எதையும் தொடாதீங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிவத்தார் கீழேயிருந்து விளக்கினார். நாற்பது நிமிடத்துக்குக் குறைவாக நின்றால் அது தடங்கல். தடங்கலுக்கு விதி கிடையாது, குறிப்பேட்டில்கூட ஏறாது. நாற்பதைத் தாண்டினால்தான் தோல்வி. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்," என்றார். "ஏழாவது கட்டத்தை யோசிச்சுப் பாருங்க."

தலைவர் கையோடு கொண்டுவந்திருந்த கோப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார். மூன்று பேர் இருப்பதால் கூட்டம் செல்லும் என்று அறிவித்தார். வராதவர்களுக்கு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்து லிஃப்டின் விளக்கு எரிந்துகொண்டிருப்பது பற்றி விவாதம் வந்தது. விளக்கு எரிகிற தோல்வி முழுத் தோல்வியா?

"ஃபேன் வேற ஓடுது," என்றார் தலைவர் கவலையோடு. "நாளைக்கு யாராவது இதைப் பாதித் தோல்வின்னு சொல்லிட்டா? நிறுத்துங்க ரெண்டையும்."

நிறுத்தினேன். இருட்டில் வியர்த்துக்கொண்டே தலைவர் பேச்சைத் தொடங்கினார். "இந்த மாதிரி ஒரு நல்ல இருட்டுல நான் உக்காந்து எவ்வளவு நாளாச்சு! எல்லாம் வேலை செய்யுற எடத்துல தலைவருக்கு என்ன வேலை? இப்ப பாருங்க, நான் தேவைப்படுறேன்." படிவத்தார் கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

பத்து நாற்பத்து நான்குக்குச் சகலை மெல்ல எழுந்து, கதவு இடுக்கில் வாயை வைத்தார். தலைவர் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"சகல."

"ம்."

"இப்பவே தூக்கி விட்டுருங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. இப்ப தூக்கினா வெறும் தடங்கல். உங்க இருபத்திரண்டு வருஷம் அப்படியே இருக்கும்."

"தலைவர் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அவரு கிடக்காரு. நான் சமாளிச்சுக்கறேன்."

"எனக்கு விதி கிடைக்கக் கூடாதுங்கறீங்களா?"

அவர் கதவு இடுக்கில் நெற்றியை முட்டுக்கொடுத்தார். பிறகு சொன்னார், "அஞ்சு விதியை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன் சகல? என் வீட்டுக்காரி என்ன கேக்குறா தெரியுமா? 'என் தங்கச்சி புருஷன் கை வெச்சது ஒண்ணு கெட்டுருக்கா? நீங்க கை வெச்சது ஒண்ணு உருப்பட்டுருக்கா?'ன்னு கேக்குறா. மாமா வீட்டுக் கூடத்துல உக்காந்தா அந்த அஞ்சு கண்ணாடியும் என் அஞ்சு தப்பா தெரியுது. அந்தப் பாலத்துக் கதைய இன்னும் எத்தனை தடவை சொல்லிச் சிரிக்கணுமோ. நீங்க வந்தா மாமா 'லிஃப்ட் ஓடுதா'ன்னு கேக்குறாரே, அப்ப எனக்குப் பத்திக்கிட்டு எரியும். என்னை அவரு அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கைப்பேசி வெளிச்சத்தில் வியர்வையும் அதுவுமாகத் தெரிந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை. எழுந்து மாடிக்கு ஓடியிருக்கலாம். மெஷின் ரூம் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எழுந்திருக்கவும் செய்தேன்.

ஆனால் பொறாமைக்காரன் காது தனி. இவ்வளவு நேரம் கேட்டதெல்லாம் அதற்குள் போய் வேறு மாதிரித் திரும்பி வந்தது. இவரிடம் ஐந்து இருக்கிறது, எனக்கு ஒன்று வரப்போகிறது என்றதும் இவருக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் உருகுகிறார். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நான் மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"பாத்துக்கலாம் சகல," என்றேன்.

அவர் இடுக்கிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டார். எட்டு நிமிடமும் நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பத்திரண்டு ஆனதும் உள்ளே இரண்டு பேர் கை தட்டினார்கள். தோல்வி நிறைவேறியது. நான் மேலே போய்ச் சக்கரத்தைச் சுற்றி அவர்களை நான்காவது மாடிக்குக் கொண்டுவந்தேன். தலைவர் சட்டையெல்லாம் நனைந்து, மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். சகலை என்னைப் பார்க்காமல் படியில் இறங்கினார்.

இருநூற்றுப் பதின்மூன்றாம் விதி அடுத்த மாதமே பித்தளையில் ஏறியது. அதுவரை லிஃப்டைத் தொடவேண்டாம் என்று உத்தரவு. பதிவு விழாவில் தலைவர் அதைக் கணீரென்று வாசித்தார். 'வாரம் ஒரு முறை தொட்டுப் பார்க்கப்படாத இயந்திரம் நிற்கும்.' கூட்டம் தலையை ஆட்டியது. அது பொய் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செய்துவைத்தது தொடாமலே ஆறு வாரம் ஓடியது. என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஒரே பெருமையான காரியம் அதுதான். அதை இனி ஒருத்தரிடமும் சொல்ல முடியாது.

என் மனைவி மேடையிலிருந்து இறங்கிய என்னிடம் கண்ணாடிச் சட்டத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள். சற்று பொறுத்து, "எப்படிங்க நின்னுச்சு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் லிஃப்டைப் பற்றி அவள் கேட்டு நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சட்டத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நல்ல துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மாட்டினால் ஐந்து நிமிடத்தில் ஓடும். நான்காவது மாடியில் லிஃப்டுக்கு முன்னால் கயிறு கட்டி, கதவில் அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார் படிவத்தார்.

"என்ன சார் இது?"

"சான்று. இருநூத்துப் பதிமூணாம் விதிக்கு இதுதான் ஆதாரம். ஆதாரத்தை யாரும் தொடக்கூடாது."

"ஒரு சின்னத் துண்டு மாத்தினா ஓடிரும் சார்."

"ஓடிட்டா உங்க விதி என்ன ஆகும்?"

"அதுக்காக எத்தனை நாளைக்கு இப்படி நிக்கும்?"

"விதி இருக்கற வரைக்கும்." அவர் முத்திரையை ஊதிக் காயவைத்தார். "உங்க விதிக்கு நாங்க குடுக்கற மரியாதை இது. வேற யாருக்காவது ஏழு மாடிக் கட்டடத்துல லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கோமா? உங்க சகலையோட பாலத்தையே ரெண்டு வருஷத்துல இடிச்சுட்டாங்க."

அது எனக்கு இனிக்கும் என்று நினைத்து அவர் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை மேலே போய்க் கீழே வரட்டும், பிறகு முத்திரை வையுங்கள் என்றேன். விதியைப் பெற்றவருக்கு ஆரம்பத்தில் இப்படி உணர்ச்சி பொங்குவது சகஜம் என்று அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

இப்போது எல்லோரும் படியில்தான் ஏறுகிறார்கள். தலைவர் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு, என் விதி நாளுக்கு நாள் உறுதிப்பட்டுவருகிறது என்கிறார். சகலை கௌரவ உறுப்பினர் பதவியை விட்டுவிட்டார். நிற்காத லிஃப்ட் இல்லாத இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம். படிவத்தார் 'நிற்காத' என்பது பிழை என்று 'நிற்கிற' எனத் திருத்திக் கோப்பில் வைத்தார். எனக்கு நான்காவது மாடியில் ஜன்னலோரம் மேஜை, நாற்காலி, 'விதியாளர்' என்று ஒரு பலகை. வேலை ஒன்றும் இல்லை. கையைக் கழுவினால் தண்ணீர் கிரீஸ் இல்லாமல் தெளிவாகப் போகிறது.

ஜன்னலுக்கு நேர் எதிரே புதிதாக ஒரு துணிக்கடைக் கட்டடம். கண்ணாடி போட்ட லிஃப்ட், வெளியிலிருந்தே தெரியும். திங்கட்கிழமை காலைகளில் அங்கே ஒருவர் வருகிறார். நாற்பது வயது இருக்கும், தொப்பை, பின்பாக்கெட்டில் துணி. கதவைத் தொட்டுப் பார்க்கிறார், மேலே ஏறிக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு ஐந்து மாடியும் ஒரு தடவை ஏறி இறங்குகிறார். இறங்கி, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அந்த ஆளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிற எரிச்சல் இருக்கிறதே, சகலையைப் பார்த்துக்கூட நான் ஒரு நாளும் இப்படி எரிந்ததில்லை.